ஞாயிற்றுக்கிழமையின் நியாயம்

'நல்லா இருக்கான்' என்பதற்கும் 'சந்தோஷமா இருக்கான்' என்பதற்கும் எங்கள் பக்கத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. வெளிநாட்டுக்குப் போன பிள்ளையைப் பற்றி விசாரிக்கும்போது முதல் வாக்கியம் பதிலாக வந்தால், உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலை இருக்கிறது, மாதம் பிறந்தால் பணம் வருகிறது என்று அர்த்தம். இரண்டாவது வாக்கியம் வந்தால் அது குற்றச்சாட்டு. சொல்கிறவர் பெரும்பாலும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் அதைச் சொல்வார். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் கிடக்கிற தார்மீகப் பிரச்சினைதான் இங்கே விஷயம்: பிழைப்புக்காக அயல்நாட்டில் இருக்கிறவன், அங்கே கிடைக்கிற ஒரு விடுமுறை நாளைச் சிநேகிதர்களோடு வெட்டவெளியில் சந்தோஷமாகக் கழித்ததற்கு யாரிடமாவது கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவனா?

மரணம், இருப்பு, அந்நியமாதல் என்றே எழுதிப் பழகிய நம் பத்திரிகைகளில் பிக்னிக்கைப் பற்றி ஒரு கட்டுரை வருவது சிலருக்கு முகச்சுளிப்பைத் தரலாம். அந்நியமாதலைப் பற்றி மூன்றாம் கைச் சரக்காக எழுதுவதைக் காட்டிலும், நிஜமாகவே அந்நியனாகிப் போனவன் வாரத்தில் ஒரு நாள் என்ன செய்கிறான் என்று பார்ப்பது பிரயோஜனமான காரியம் என்பது என் கட்சி.

முதலில் சொற்களைப் பார்க்கலாம். உல்லாசம், களியாட்டம், கேளிக்கை — எந்தச் சொல்லை எடுத்தாலும் அதன் ஓரத்தில் ஒரு கடைக்கண் பார்வை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேளிக்கை என்ற சொல் இன்றைக்கு உயிரோடு இருப்பது பெரும்பாலும் 'வரி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில்தான். பொழுதுபோக்கு என்பதில், பொழுது என்பது எப்படியாவது போக்கித் தொலைக்கவேண்டிய ஒன்று என்ற எண்ணம் இருக்கிறது. ஓய்வு உழைப்புக்குச் சொந்தமான சொல்; களைப்புக்குப் பின்னால் வருவது. எதற்கும் பதில் சொல்லவேண்டியிராத ஒரு முழு நாளுக்கு நம்மிடம் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அனுபவமும் இல்லை என்று வாதிக்க வரவில்லை. அது மொழியியல் படித்த மயக்கத்தில் சொல்லப்படுகிற அசட்டு வாதம். அனுபவம் இருந்திருக்கிறது. ஆனால் எப்போதும் அது பொய்ப் பெயரில்தான் நடமாடியிருக்கிறது.

கரிசல் காட்டின் கணக்கை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். மானாவாரி பூமி. புரட்டாசி, ஐப்பசியில் மழையைப் பார்த்து விதைத்தால் மாசி, பங்குனிக்குள் பருத்தியோ உளுந்தோ மிளகாயோ சோளமோ கையில் வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு நிலம் வெடித்துக் கிடக்கும். சித்திரையிலிருந்து மாதக்கணக்கில் கோடை உழவு, கொஞ்சம் எருவடிப்பு தவிர ஆணுக்குக் காட்டில் பெரிய வேலை கிடையாது. ஊர் மடத்திலும் வேப்பமரத்து நிழலிலும் ஆடுபுலி ஆட்டம் நடந்தது அந்த மாதங்களில்தான். இதைப் பார்த்த பட்டணத்துக்காரர்கள் கிராமத்தின் நிதானம், இயற்கையோடு இயைந்த வாழ்வு என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அந்த நிழலில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும், அது நிர்ப்பந்தம் என்று. வேலை இல்லாததால் கிடைத்த பொழுதை யாரும் அனுபவிக்க முடியாது. அதைச் சகித்துக்கொள்ளத்தான் முடியும். தீப்பெட்டித் தொழில் வந்தபிறகும் கதை இதுதான். 'தீப்பெட்டி ஆபீஸில்' பெண்கள் கட்டை அடுக்கியது எண்ணிக்கைக் கூலிக்கு. மழை பிடித்துக்கொண்டால் குச்சி காயாது, குச்சி காயாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் கூலி இல்லை. மழை பெய்து பூமி குளிர்ந்த அந்த நாள், வீட்டில் அடுப்பு எரியுமா என்று யோசிக்கிற நாள். விடுமுறை என்பதே எங்கள் பக்கத்தில் ஒரு மிரட்டலாகத்தான் அறிமுகமாகியிருக்கிறது.

வெளியே போகாமலா இருந்தார்கள்? போனார்கள். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, வண்டி பூட்டிக்கொண்டு, பின்னால் பஸ்ஸில், வேனில். ஆனால் எதற்குப் போகிறோம் என்ற கேள்விக்கு ஒரு தெய்வம் பதிலாகத் தேவைப்பட்டது. கழுகுமலைக்குப் போனால் முருகன்; மேலே ஏறி வெட்டுவான் கோயில் பாறையில் காற்று வாங்கியது கணக்கில் வராது. திருச்செந்தூருக்குப் போனால் நேர்த்திக்கடன். கடலில் கிடந்தது தீர்த்தமாடல். சிவராத்திரிக்குக் குலதெய்வம் இருக்கும் காட்டுக்குப் போய் இரவெல்லாம் விழித்திருந்து, ஆட்டுக்கறி தின்று, முறைப்பெண்ணைக் கேலி செய்து, விடிய ஊர் திரும்பினால் அதற்குப் பெயர் பக்தி. தெய்வத்தின் தயவில்லாமல் போகக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான், ஆனி ஆடியில் குற்றாலம். கோயில் அங்கும் இருக்கிறது என்றாலும் அருவிக்குத்தான் போகிறோம் என்பதை ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொண்ட கையோடு, 'அந்தத் தண்ணி ஒடம்புக்கு நல்லது' என்று ஒரு மருத்துவக் காரணத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். வெறுமனே சந்தோஷத்துக்காகப் போனோம் என்று சொல்ல ஒருவருக்கும் நா எழும்பியதில்லை.

இப்படிப்பட்ட பூமியிலிருந்துதான் ஆட்கள் வெளியே போனார்கள், இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்கள். தமிழர்கள் கடல் கடந்தது பழைய கதை. செட்டியார்களின் வட்டிக்கடைகளுக்கு ஒப்பந்தத்தில் போன ஆட்கள் கிட்டங்கியில் ஒரு பெட்டியும் ஒரு பாயும் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டு ஊர் திரும்பினார்கள். அந்த வாழ்க்கையின் மாலைப் பொழுதுகளை எழுதியவர் ப. சிங்காரம். 1938இல் மேடானுக்குப் போய் 1946இல் திரும்பியவர்; 'புயலிலே ஒரு தோணி' 1972இல்தான் புத்தகமாக வந்தது. அந்த நாவலில் யுத்தம் இருக்கிறது, சாகசம் இருக்கிறது, நகைப்பு இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது, நண்பர்கள் கூடிக் குடித்து, தமிழைப் பற்றியும் தமிழனைப் பற்றியும் வாய்ச்சண்டை போடுகிற பகுதிகள். கதை அங்கே ஒரு அடிகூட நகர்வதில்லை. நாவல் கலை பற்றி நமக்குப் பாடம் எடுக்கிற விமரிசகர்களுக்கு அவை தேவைக்கு மீறிய பகுதிகளாகத் தோன்றக்கூடும். அயலூரில் ஒருவன் முழு மனிதனாக இருக்கிற நேரம் எதுவென்று சிங்காரத்துக்குத் தெரிந்திருந்தது. கடையில் இருக்கிறபோது அவன் ஒரு பேரேட்டின் நீட்சி. ஊருக்கு எழுதும் கடிதத்தில் அவன் ஒரு மகன் அல்லது புருஷன். அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அவன் யாருடைய காரியத்துக்கும் உரியவனாக இல்லை.

நான் வேலை பார்ப்பது வங்கிக் கவுண்ட்டரில். அயல்நாட்டுப் பணம் வந்து விழுகிற கணக்குகளை அன்றாடம் பார்க்கிறவன். சில மாதங்களுக்கு முன் ஒரு பெரியவர், புஞ்சைக்காரர், பாஸ் புத்தகத்தைப் பதியக் கொடுத்துவிட்டுக் கைபேசியை என் பக்கம் திருப்பினார். சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிற மகன். கடற்கரைப் புல்தரையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் பிரியாணிப் பொட்டலங்கள். எல்லார் கண்ணிலும் கறுப்புக் கண்ணாடி. "பாத்தீங்களா தம்பி, இதுக்கா நகையை வச்சு அனுப்புனோம்? வேலைக்குத்தான போனான்" என்றார். அந்த மாதப் பணம் வழக்கம்போல வந்திருந்தது. நானே பதிந்து கொடுத்தேன். ஒரு ரூபாய் குறையவில்லை. அவருக்கு ஆத்திரம் பணத்தின் மேல் இல்லை, அந்தக் கறுப்புக் கண்ணாடியின் மேல்.

அவரைக் குறை சொல்வது சுலபம். சொல்லப்போவதில்லை. நகை அடகில் இருக்கிறது. ஏஜென்டுக்குக் கொடுத்த பணத்துக்கு வட்டி ஓடுகிறது. அவருடைய கோபத்துக்குப் பின்னால் ஒரு நிஜமான கடன் இருக்கிறது. குடித்தும் சீட்டாடியும் பணத்தைக் கரைத்துவிட்டு ஊருக்குப் பொய் சொல்கிறவர்கள் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். மகன் சம்பாதிக்கும் பணத்தின் மேல் அந்தப் பெரியவருக்கு நியாயமான உரிமை இருக்கிறது. அந்த உரிமை பணத்தைத் தாண்டி நாளின் மேலும் பாய்கிறதா என்பதுதான் கேள்வி. பேருந்துக் கட்டணமும் ஒரு பொட்டலச் சோறும் தவிர அந்த ஞாயிறு யாருக்கும் எதையும் செலவு வைக்கவில்லை. அந்த நாள் அவர் கணக்கில் நஷ்டமாகப் பதிவாவது ஏன்?

"வேலைக்குத்தான போனான்" என்ற இதே வாக்கியத்தைக் கடலுக்கு அப்பால் இன்னொரு குரலும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அங்கே அது "வேலைக்குத்தானே வந்தாய்".

சிங்கப்பூரில் நம் ஆட்கள் 'தேக்கா' என்று சொல்லும் லிட்டில் இந்தியாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வந்து சேர்வது பல பத்தாண்டுப் பழக்கம். துவாஸ், ஜூரோங், கிராஞ்சி என்று தீவின் ஓரங்களில் இருக்கும் தங்கும் விடுதிகளிலிருந்து வருவார்கள். வீரமாகாளியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு, பணம் அனுப்புகிற கடையில் ஒரு வரிசை, பிறகு ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கத்துப் புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து பேச்சு. அக்கம்பக்கத்துக் குடியிருப்புக்காரர்களுக்கு இது தொந்தரவாகப் பட்டது. கூட்டம், குப்பை, குடி என்று புகார்கள் இருந்துகொண்டே இருந்தன. 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. விடுதிக்கு ஆள் ஏற்றிப்போகிற ஒரு தனியார் பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கித் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு கட்டடத் தொழிலாளி இறந்துபோனார். கூட்டம் கொதித்தது. போலீஸ் வண்டிகள் எரிந்தன, ஒரு ஆம்புலன்ஸும் எரிந்தது. 1969க்குப் பிறகு அந்த நாட்டில் நடந்த முதல் கலவரம் அது. 57 பேர் நாட்டை விட்டு அனுப்பப்பட்டார்கள். முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2014இல் அறிக்கை கொடுத்தது. வேலை நிலைமைகள் காரணம் இல்லை, விபத்தைப் பற்றிய தவறான புரிதலும் மதுவும் காரணம் என்பது அதன் முடிவின் சாரம். 2015இல் பொது இடத்தில் குடிப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. லிட்டில் இந்தியா கெடுபிடி அதிகமான வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. விடுதிகளுக்கு அருகிலேயே பொழுதுபோக்கு மையங்கள் பெருகின. உனக்குச் சந்தோஷம்தானே வேண்டும், அதை உன் இடத்துக்கே கொண்டுவந்து தருகிறோம், நகரத்துக்குள் வராதே என்ற தர்க்கம்.

கொரோனா காலத்தில் இந்தத் தர்க்கம் நிர்வாணமாகவே நின்றது. 2020 ஏப்ரலில் விடுதிகள் அடைக்கப்பட்டன. நோய் பரவிய வேகத்துக்கு அது அவசியமாக இருந்திருக்கலாம். ஆனால் நகரத்துக்காரர்கள் கடைக்கும் பூங்காவுக்கும் போகத் தொடங்கிய பிறகும் விடுதிக்காரர்களுக்கு விடுதி, வேலையிடம், பொழுதுபோக்கு மையம் என்ற முக்கோணம் நீடித்தது. 2021 செப்டம்பரில் ஒரு சோதனை முயற்சி: தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களில் வாரத்துக்கு 500 பேர், லிட்டில் இந்தியாவுக்கோ கேலாங் செராய்க்கோ, சில மணி நேரம். 2022 ஜூனில் பொதுவான அனுமதிச் சீட்டு நீக்கப்பட்டபோதும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறை நாட்களிலும் நான்கு குறிப்பிட்ட இடங்களுக்குப் போகத் தனி அனுமதி வேண்டும் என்று வைத்தார்கள். மற்ற ஆறு நாளும் போக அனுமதி வேண்டாம். மற்ற ஆறு நாளும் அவன் வேலையில் இருப்பான். ஞாயிறுக்கு மட்டும் சீட்டு. இதைக் கற்பனை செய்ய ஒரு காஃப்கா தேவைப்படவில்லை, ஒரு குமாஸ்தா போதும். அந்த ஜாதியைச் சேர்ந்தவன் என்பதால் சொல்கிறேன்.

வளைகுடாவில் வேறு மாதிரி. தோஹாவில் சில அங்காடிகளில் வெள்ளிக்கிழமை 'குடும்பங்களுக்கு மட்டும்' என்ற விதி நடைமுறையில் இருந்தது. வெள்ளிக்கிழமைதான் தொழிலாளிக்கு விடுமுறை. குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காகக் குடும்பத்தை விட்டு வந்தவன், குடும்பம் கூட இல்லை என்ற காரணத்தால் வாசலில் நிறுத்தப்பட்டான்.

ஆக, இரண்டு வாதிகள். ஒருவர் வாய்க்கால் வரப்பில்லாத புஞ்சையில் நிற்கிறார். இன்னொருவர் குளிர்பதன அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் இரண்டு பேருடைய வழக்கும் ஒன்று: நீ வேலை. வேலையைத் தவிர நீ எதுவாக இருந்தாலும் அது திருட்டு. தகப்பனாருடைய சொல்லில் பாசமும் பயமும் கலந்திருக்கின்றன, அதிகாரியின் சொல்லில் அவை இல்லை. இந்த வித்தியாசத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வாக்கியம் ஒன்றாக இருக்கிறது என்பது என்னைத் தொந்தரவு செய்கிறது.

இவர்களுக்கு எதிராக அந்தத் தொழிலாளிக்கு வாதாட வருகிறவர்கள் உண்டு. நல்லவர்கள். அவர்கள் சொல்வது: ஆறு நாள் மாடாக உழைக்கிறவனுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டாமா? மனம் லேசானால்தானே மறுநாள் ஒழுங்காக வேலை செய்வான்? இந்த வாதம் குற்றச்சாட்டைவிட மோசமானது. ஞாயிற்றுக்கிழமை திங்கட்கிழமைக்காக இருக்கிறது என்றால் அதுவும் வேலை நாள்தான். எந்திரத்துக்கு எண்ணெய் போடுகிற நாள். 'குற்றாலத் தண்ணி ஒடம்புக்கு நல்லது' என்பதன் நாகரிகப் பதிப்பு இது. உழைத்தான், அதனால் சம்பாதித்துக்கொண்டான் என்று சொன்னாலும் சரிப்படாது. அப்போது சந்தோஷம் ஒரு கூலி ஆகிறது; கூலி என்றால் கணக்குப் பார்க்க ஆள் வருவான்.

இங்கே ஒரு பழைய பிக்னிக்கை ஞாபகப்படுத்த விரும்புகிறேன். 1850களில் லண்டன் சோஹோ பகுதியில், டீன் தெருவில் இரண்டு அறைகளில் குடியிருந்த ஒரு அயல்நாட்டுக் குடும்பம். வீட்டில் மூன்று குழந்தைகள் அடுத்தடுத்துச் செத்துப்போயின. 1852இல் ஒரு முறை கோட்டு அடகுக்கடையில் இருந்ததால் குடும்பத் தலைவரால் தெருவில் இறங்க முடியவில்லை. அந்தக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்த அகதிகளையும் சேர்த்துக்கொண்டு ஹாம்ஸ்டெட் ஹீத் என்ற மேட்டுவெளிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்து போகும். கூடையில் வறுத்த கன்றுக்குட்டி இறைச்சி. அங்கே இருந்த விடுதியில் ரொட்டி, பாலாடைக்கட்டி, பீர். சாப்பிட்டுவிட்டுப் பத்திரிகை வாசிப்பு, அரசியல் வம்பு, ஓட்டப் பந்தயம், கழுதைச் சவாரி. திரும்பி வருகையில் பாட்டு. கழுதை மேல் உட்கார்ந்து எல்லாரையும் சிரிக்க வைத்தவர் கார்ல் மார்க்ஸ். கூட இருந்த வில்ஹெல்ம் லீப்னெக்ட் 1896இல் வெளியான நினைவுக் குறிப்புகளில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். எங்கள் ஊர் தோழர்கள் அந்தப் பக்கங்களை ஏனோ மேற்கோள் காட்டுவதில்லை.

அந்தக் குடும்பம் உயிர் வாழ்ந்தது பெரும்பாலும் மான்செஸ்டரிலிருந்து எங்கெல்ஸ் அனுப்பிய பணத்தில். எங்கெல்ஸ் அங்கே ஒரு பருத்தி நூல் கம்பெனியில் தனக்குப் பிடிக்காத ஆபீஸ் வேலையை 1850லிருந்து 1869 வரை பார்த்தார். சிநேகிதன் எழுத வேண்டும் என்பதற்காக அனுப்பிய பணம். அந்தப் பணத்தில் எத்தனை பென்னி பீருக்குப் போயிற்று? கணக்குப் பார்த்தால் பார்க்கலாம். ஆனால் அந்தப் பீரை 'மூலதனம்' என்ற நூலின் உற்பத்திச் செலவில் சேர்த்து அதற்கு நியாயம் கற்பிக்கிறவன், மார்க்ஸையும் புரிந்துகொள்ளவில்லை, ஞாயிற்றுக்கிழமையையும் புரிந்துகொள்ளவில்லை. அந்த நாவலைப்போன்ற வாழ்க்கையில் மிச்சமிருந்த, எதற்கும் பயன்படாத நாள் அது. புத்தகம் எழுதப்படாமலே போயிருந்தாலும் அந்தக் கழுதைச் சவாரி தவறாகியிருக்காது. கூடையைத் தயார் செய்தது வேலைக்காரி ஹெலன் டெமுத் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

சிநேகிதம் இந்த விஷயத்தில் எங்கே வருகிறது? ஒருவன் தனியாகப் போய்க் கடற்கரையில் உட்கார்ந்தால் அதை ஊர் அவ்வளவாகக் குற்றம் சொல்வதில்லை. வீட்டை நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று எடுத்துக்கொள்ளும். சிரிக்கிற கும்பல்தான் உறுத்துகிறது. அரிஸ்டாட்டில் நட்பைப் பற்றி எழுதும்போது, மனிதர்கள் சேர்ந்து வாழ்வது என்பது மாடுகள் ஒரே இடத்தில் மேய்வதைப் போன்றதல்ல, பேச்சையும் எண்ணத்தையும் பகிர்ந்துகொள்வது என்கிறார். அவர் ஏதென்ஸின் குடிமகன் இல்லை, ஸ்டாகிராவிலிருந்து வந்தவர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அங்கே அந்நியர்களுக்கு நிலம் வாங்க உரிமை கிடையாது, தலைவரி உண்டு, உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். இன்றைய வேலை அனுமதிச் சீட்டின் விதிகளை அவர் படித்தால் அவ்வளவாக ஆச்சரியப்பட மாட்டார். ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் அடுக்குக் கட்டிலில் தூங்குகிறார்கள்; ஒரே லாரியின் பின்புறம் உட்கார்ந்து வேலைக்குப் போகிறார்கள். அது அவர் சொன்ன மேய்ச்சல். அதே ஆட்கள் புல்தரையில் வட்டமாக உட்காரும்போதுதான் மற்றது நடக்கிறது. ஓய்வு மட்டும் வேண்டுமென்றால் ஞாயிறு முழுவதும் கட்டிலில் படுத்துக் கிடக்கலாமே. ஏன் ஒன்றரை மணி நேரம் பஸ் ஏறி வருகிறான்?

இதை லட்சியமாக்கிக் காட்டும் ஆசை எனக்கு இல்லை. அந்தப் புல்தரை வட்டங்களும் மாவட்டவாரியாக, ஊர்வாரியாக, ஏன், ஜாதிவாரியாகவும் அமைகின்றன என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். நம்பத்தான் வேண்டும், நாம் எங்கே போனாலும் அந்த மூட்டையை இறக்கி வைப்பதில்லை. இந்த இடத்தில் வழக்கமாகக் கணியன் பூங்குன்றனை அழைத்துவந்து மேடையேற்றுவார்கள். பாவம், அவரை விட்டுவிடலாம்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி 1953லிருந்து 1957வரை கோலாலம்பூரில் 'தமிழ் நேச'னில் ஆசிரியராக இருந்தார். அங்கே இளம் எழுத்தாளர்களைக் கூட்டி வைத்துச் சிறுகதையைப் பற்றிப் பேசினார். இலக்கிய வட்டம் நடத்தினார். இதை நாம் இலக்கியப் பணி என்று பெருமையோடு குறிப்பிடுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் கோவில்பட்டி காந்தி மைதானத்தில் நண்பர்கள் விடிய விடியப் பேசியதையும் ஏறக்குறைய ஒரு புராணமாகவே ஆக்கிவிட்டோம். எழுத்தாளன் நண்பர்களோடு பொழுதைக் கழித்தால் அது இயக்கம், சூழல், மரபு. கொத்தனார் கழித்தால் ஊர் சுற்றல். நமது பேச்சில் ஏதாவது விளைந்தது, அவன் பேச்சில் ஒன்றும் விளையவில்லை என்று பதில் சொல்வோமானால், நாமும் பயனைக் கொண்டுதான் நாளை அளக்கிறோம். கவுண்ட்டரில் நின்ற பெரியவரிடமிருந்து நாம் அதிக தூரம் போய்விடவில்லை. காந்தி மைதானத்துப் பேச்சில் பெரும்பகுதி ஒன்றுக்கும் உதவாத பேச்சு என்பதை அங்கே இருந்தவர்கள் மறுக்கமாட்டார்கள். அதனால்தான் திரும்பத் திரும்பப் போனார்கள்.

மிகக் கனமான ஆட்சேபம் இனிமேல்தான். அது தகப்பனாருடையதும் அல்ல, அரசாங்கத்தினுடையதும் அல்ல. ஊரில் இருக்கிற மனைவியுடையது. அவளுக்கு ஞாயிறு எங்கே? தீப்பெட்டி ஆபீஸோ, நூறு நாள் வேலையோ, பிள்ளைகளோ, மாமனார் மருந்தோ, ஏழு நாளும் இருக்கிறது. அவன் கண்ணாடி போட்டுக்கொண்டு கடலைப் பார்க்கிற நேரத்தில் அவள் குடத்தோடு லாரித் தண்ணீருக்கு நிற்கிறாள். வேலைக்காரிகளாக வெளிநாடு போன பெண்களின் நிலைமையும் பார்க்க வேண்டியது. சிங்கப்பூரில் வீட்டு வேலைப் பெண்களுக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை சட்டமானதே 2013 ஜனவரியில்தான். அதையும் கூடுதல் சம்பளத்துக்கு விட்டுக்கொடுக்க இடம் இருந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது அப்படி விலை பேசக்கூடாது என்று வந்தது 2023இல். ஹாங்காங்கில் பிலிப்பைன்ஸ் பெண்கள் ஞாயிறுதோறும் நகர மையத்தில் அட்டைகளை விரித்து உட்கார்ந்து சாப்பிட்டு, சீட்டாடி, ஒருத்திக்கொருத்தி தலை பின்னிவிட்டுப் பொழுதைக் கழிக்கிறார்கள். அவர்கள் கூடுகிற இடங்களில் ஒன்று ஹாங்காங் ஷாங்காய் வங்கித் தலைமையகத்தின் அடியில் உள்ள திறந்த தளம். ஒரு வங்கிக்காரன் என்ற முறையில் அந்தக் காட்சி எனக்குப் பிடித்திருக்கிறது.

ஊரில் இருக்கிற பெண்ணுக்கு அப்படி ஒரு தளம் இல்லை. சந்தோஷம் உழைப்பின் கூலி என்றால் அவள் அப்பட்டமாக ஏமாற்றப்பட்டவள். அவன் அதில் பங்காளி. கூலி இல்லை என்றால்? அப்போதும் அவளுக்கு நாள் இல்லை என்பது அநியாயம்தான், ஆனால் அவன் புல்தரையை விட்டு எழுந்து விடுதிக்குப் போவதால் அந்த அநியாயம் ஒரு நூல்கூடக் குறையாது. குற்ற உணர்வோடு சாப்பிட்ட பிரியாணி யார் பசியையும் ஆற்றுவதில்லை. அவன் மேல் வைக்கக்கூடிய நியாயமான கேள்வி வேறு: தனக்கு அங்கே கிடைத்ததை இன்னொருவருக்கு இங்கே அனுமதிப்பானா?

எங்கள் கிளைக்கு வருகிற மகளிர் சுயஉதவிக் குழுக்களில் ஒன்று. பதினைந்து பேர், பாதிப்பேருடைய கணவன்மார் வெளியூரிலோ வெளிநாட்டிலோ. போன ஆடியில் இவர்கள் வேன் பிடித்து ஒரு நாள் குற்றாலம் போய்வந்தார்கள். பிள்ளைகளைக்கூட விட்டுவிட்டு, தாங்கள் மட்டும். போன விஷயம் படமாகக் கடல் தாண்டிப் போயிற்று. அன்று இரவே ஒருத்திக்குப் போன் வந்தது. "யாரைக் கேட்டுப் போன? வீட்டைப் பாக்கத்தான ஒன்னைய வச்சிருக்கு?" என்று கேட்டானாம். அதற்கு முந்தின ஞாயிறுதான் அவன் செந்தோசாக் கடற்கரையில் எடுத்த படத்தை அவளுக்கு அனுப்பியிருக்கிறான். அதே வாக்கியம், மூன்றாவது வாயில். தகப்பனாரிடமிருந்தும் அதிகாரியிடமிருந்தும் வாங்கிக்கொண்டதை அவன் அப்படியே கீழே இறக்கிவிட்டான். புல்தரையில் அவன் ஒன்றையும் கற்றுக்கொள்ளவில்லை என்று நினைக்கத் தோன்றுகிறது. கற்றுக்கொள்வதற்காக அவன் அங்கே போகவில்லை என்று நான்தானே சொன்னேன்.

அவள் இதைச் சொன்னபோது கூட நின்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளும்தான். கடன் புதுப்பிக்கத் தீர்மானப் புத்தகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அடுத்த ஆடிக்கு ஆளுக்கு வாரம் இருபது ரூபாய் ஒதுக்குவதென்று தீர்மானம் போட்டிருந்தார்கள். 'திருச்செந்தூர் கோயில் செலவு' என்று எழுதியிருந்தது. "திருச்செந்தூருக்கா?" என்றேன். "குத்தாலத்துக்குத்தான் சார்" என்றாள் குழுத் தலைவி, குரலைத் தாழ்த்தாமல். "எழுதுறதுக்கு அப்படி."